கலைக்களஞ்சியமா, விக்கிப்பீடியாவா: தமிழில் படிக்கும் பிள்ளைக்கு எது?

ஏதாவது ஒரு தலைப்பைக் கொடுத்து எழுதிவரச் சொன்னால், மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் தாளில் ஒரே வரிகள் இருக்கும். விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்த வரிகள். பார்த்துப் பார்த்துச் சலித்த ஆசிரியர்கள் "அந்தப் பக்கமே போகாதே" என்று சொல்லிவிடுகிறார்கள். "யார் வேண்டுமானாலும் எழுதலாமாமே, அதை எப்படி நம்புவது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். "பிரிட்டானிக்கா என்ற ஆங்கிலக் கலைக்களஞ்சியமே அச்சடிப்பதை நிறுத்தியாகிவிட்டது, இன்னும் எதற்குத் தடித்தடியான தொகுதிகளை அடுக்கி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களும் உண்டு. பள்ளி நூலகத்தைக் கவனித்துக்கொள்வதால் இரண்டு கேள்வியும் என்னிடம் வந்து சேர்கிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் படிப்பவருக்குச் சொல்லும் பதிலைத் தமிழில் படிப்பவருக்குச் சொல்லக் கூடாது. ஆங்கிலத்தில் இரண்டுமே உயிரோடு இருக்கின்றன. எது கொஞ்சம் மேல் என்று அங்கே வாதாடலாம். தமிழிலோ வல்லுநர்கள் எழுதிய பெருங்களஞ்சியம், தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம், 1968-ல் நின்றுவிட்டது. பொதுமக்கள் எழுதும் களஞ்சியம் தினமும் வளர்கிறது, ஆனால் அதைக் கண்காணிக்கும் ஆட்கள் குறைவு. இந்த இரண்டு குறையையும் கண்முன் வைத்துக்கொண்டுதான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் 2005 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழ் வெளியிட்ட ஒப்பீட்டை யாராவது எடுத்துப் போடுவார்கள். அறிவியல் தலைப்புகளில் விக்கிப்பீடியாவிலிருந்தும் பிரிட்டானிக்காவிலிருந்தும் கட்டுரைகளை எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் அந்தந்தத் துறை அறிஞர்களிடம் கொடுத்தார்கள். 42 இணைகள் திரும்பி வந்தன. விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிக்காவில் 123. ஒரு கட்டுரைக்கு அங்கே நான்கு, இங்கே மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். பெரும் பிழைகள் மொத்தம் எட்டு, அதில் ஆளுக்கு நான்கு. பிரிட்டானிக்கா சும்மா இருக்கவில்லை. 2006 மார்ச்சில் நீண்ட மறுப்பு வெளியிட்டது: பிழை என்று குறித்ததில் பல பிழையே அல்ல, சில இடங்களில் எங்கள் கட்டுரையை வெட்டி ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள் என்றது. நேச்சர் தன் முடிவைத் திரும்பப் பெறவில்லை.

இந்த ஒப்பீட்டை வைத்துக்கொண்டு "விக்கிப்பீடியாவும் பிரிட்டானிக்காவும் ஒன்றுதான்" என்று சொல்பவர்கள் மூன்று விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். அது ஆங்கிலக் கட்டுரைகளைப் பற்றியது. அறிவியல் தலைப்புகளைப் பற்றி மட்டும் பேசியது. வரலாறு, அரசியல், சாதி, சமயம் எதுவும் அதில் இல்லை. மேலும் அது எண்ணியது பிழைகளை. ஒரு கட்டுரை கோர்வையாக இருக்கிறதா, முக்கியமானதை முன்னே வைக்கிறதா, ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை படித்தால் புரியுமா என்பதற்கெல்லாம் அதில் மதிப்பெண் கிடையாது. பிரிட்டானிக்காவின் உண்மையான பலம் அங்கேதான். ஒருவரே தொடக்கம் முதல் முடிவு வரை யோசித்து எழுதிய கட்டுரைக்கும், நாற்பது பேர் ஆளுக்கொரு பத்தி சேர்த்த கட்டுரைக்கும் உள்ள வேறுபாடு படித்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

அப்படியானால் ஏன் எல்லாவற்றையும் வல்லுநர்களிடமே விட்டுவிடக் கூடாது? விட்டுப் பார்த்தார்கள். விக்கிப்பீடியாவுக்கு முன்னால், 2000-ல், அதைத் தொடங்கிய அதே ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் நியூபீடியா என்ற இணையக் களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். துறை அறிஞர் எழுத வேண்டும், ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டும். 2003-ல் அது மூடப்படும்வரை முழுதாகத் தேறிவந்த கட்டுரைகள் முப்பதைக்கூட எட்டவில்லை. அதற்குத் துணையாக, வரைவுகளைச் சேர்த்துவைக்க என்று 2001 ஜனவரியில் திறந்துவிட்ட பக்கம்தான் விக்கிப்பீடியா. துணைக்கு வந்தது மூலத்தை விழுங்கிவிட்டது. வல்லுநர்களுக்கு அறிவு குறைவில்லை, நேரம்தான் குறைவு.

எப்படித் தவறுகிறார்கள் என்று பாருங்கள்

எத்தனை பிழை என்று எண்ணுவதைவிட, இரண்டும் எந்தெந்த விதத்தில் தவறுகின்றன என்று பார்ப்பது எனக்குப் பயன்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பிரிட்டானிக்காவின் 11-ஆம் பதிப்பு 1910-11-ல் வந்தது. இன்றும் அறிஞர்கள் கொண்டாடும் பதிப்பு. மேரி கியூரி 1903-லேயே நோபல் பரிசு பெற்றவர். 1911-ல் இரண்டாவது முறையும் பெற்றார். அந்தப் பதிப்பில் அவருக்குத் தனிக் கட்டுரை கிடையாது. கணவர் பியரின் கட்டுரைக்குள் போகிற போக்கில் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். 1926-ல் வந்த 13-ஆம் பதிப்பில் ரேடியம் பற்றிய கட்டுரையை எழுதியதே மேரி கியூரி என்பதையும் சொல்ல வேண்டும். காலவெளி பற்றி ஐன்ஸ்டீன் எழுதியதும் அதே பதிப்பில்தான். தன் பிழையைத் திருத்திக்கொள்ள வல்லுநர் களஞ்சியத்துக்குத் தெரியும். ஆனால் பதினைந்து ஆண்டுகள் ஆனது.

இப்போது 2018 அக்டோபர் 2-க்கு வாருங்கள். டோனா ஸ்டிரிக்லாந்துக்கு இயற்பியல் நோபல் அறிவிக்கப்பட்டபோது ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்குக் கட்டுரை இல்லை. யாரோ எழுதிச் சமர்ப்பித்திருந்த வரைவு அதே ஆண்டு மே மாதம்தான் "போதிய சான்று இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. நூறாண்டு கழித்து, முற்றிலும் வேறு முறையில் இயங்கும் ஒரு களஞ்சியம், ஒரு பெண் இயற்பியலாளர் விஷயத்தில் அதே இடத்தில் இடறியிருக்கிறது. யார் முக்கியம் என்று முடிவுசெய்யும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே நோய். வேறுபாடு மருந்து கிடைத்த வேகத்தில்: அறிவிப்பு வந்த அன்றே ஸ்டிரிக்லாந்தின் கட்டுரை எழுந்துவிட்டது.

மேலிருந்து கட்டளை வந்தால் வல்லுநர் களஞ்சியம் என்ன ஆகும் என்பதற்குச் சோவியத் பெருங்களஞ்சியம் சாட்சி. 1953-ல் ஸ்டாலினின் இரகசியக் காவல்துறைத் தலைவராக இருந்த பெரியா வீழ்த்தப்பட்டதும், அவரைப் பற்றிய பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளுமாறு சந்தாதாரர்களுக்கு வேறு தாள்கள் அனுப்பப்பட்டன. அகரவரிசையில் பக்கத்தில் வரும் பெரிங் கடல் முதலான தலைப்புகள் அந்தத் தாள்களில் நீட்டி எழுதப்பட்டிருந்தன.

திறந்த களஞ்சியத்தின் பிழைகள் வேறு வகை. ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிய கட்டுரையில், கென்னடி கொலையில் அவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று 2005 மே மாதத்தில் ஒருவர் விளையாட்டாக எழுதிவைத்தார். நான்கு மாதம் அது அப்படியே இருந்தது. சீன மொழி விக்கிப்பீடியாவில் ஒருவர் இடைக்கால ரஷ்ய வரலாறு என்று சொல்லி, நடக்காத போர்களையும் இல்லாத வெள்ளிச் சுரங்கத்தையும் வைத்து 200-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைப் புனைந்திருந்தார். ஏறத்தாழப் பத்தாண்டு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 2022-ல் ஓர் எழுத்தாளர் கதைக்காகத் தகவல் தேடப்போய்த்தான் குட்டு உடைந்தது. சான்றுகள் எல்லாம் முறைப்படி கொடுக்கப்பட்டிருந்தன. அந்த ரஷ்ய நூல்களைப் புரட்டிப் பார்க்கும் ஆள்தான் அங்கே இல்லை.

அந்த ஆள் இருக்கிறாரா என்ற கேள்வியோடு தமிழுக்கு வருவோம்.

தமிழ் விக்கிப்பீடியாவை எப்படிப் படிப்பது

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் 2003-ல் தொடங்கிவைத்தது தமிழ் விக்கிப்பீடியா. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் கனவிலும் தொட முடியாத அளவு இது. தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று பல இடங்களிலிருந்து எழுதுகிறார்கள். ஒரு ரூபாய் ஊதியம் கிடையாது. நம் காலத்தில் தமிழுக்காக நடந்த கூட்டுப் பணிகளில் இதற்கு இணையாகச் சொல்ல எனக்கு வேறொன்று தோன்றவில்லை.

ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக் கூடாது. ஆங்கில விக்கிப்பீடியாவின் நம்பகத்தன்மை அதன் விதிகளால் மட்டும் வந்ததில்லை. ஒரு முக்கியமான கட்டுரையில் தப்பாக ஒரு வரி சேர்த்தால் சில நிமிடங்களில் யாரோ ஒருவர் நீக்கிவிடுகிறார். அந்த "யாரோ" ஆயிரக்கணக்கில் இருப்பதால் வந்தது அது. தமிழிலும் சுற்றுக்காவல் உண்டு, நிர்வாகிகள் உண்டு, ஆலமரத்தடி என்ற பொதுப் பக்கத்தில் வாதங்கள் நடக்கின்றன. ஆனால் அடிக்கடி எழுதுபவர்கள் மிகச் சிறு கூட்டம். லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை அவர்களால் எப்படிக் காவல் காக்க முடியும்?

ஆள் குறைந்த மொழிகளில் என்ன நடக்கும் என்பதற்கு ஐரோப்பாவிலேயே எடுத்துக்காட்டுகள் உண்டு. ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில் 20,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர், சிறுவயதிலிருந்து அகராதியை வைத்துக்கொண்டு எழுதியிருந்தது 2020-ல் தெரியவந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, தடுக்க ஆளில்லை. குரோவேசிய விக்கிப்பீடியாவில் நடந்தது இன்னும் மோசம். தீவிர வலதுசாரிக் குழு ஒன்று நிர்வாகப் பொறுப்புகளைக் கைப்பற்றி, இரண்டாம் உலகப்போர்க் கால வரலாற்றையே தங்களுக்கு ஏற்றபடி வளைத்துப் பல ஆண்டு வைத்திருந்தது. 2021-ல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனமே இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது.

தமிழ் அந்த நிலைக்குப் போகவில்லை. ஒரு முறை வந்த ஆபத்தைத் தடுத்தும் இருக்கிறார்கள். 2009 வாக்கில் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, கூலிக்கு ஆள் வைத்து, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றத் தொடங்கியது. நீளம் நீளமான கட்டுரைகள், ஆனால் படித்தால் தமிழ் மாதிரி இருக்காது. கட்டுரை எண்ணிக்கை கூடுகிறதே என்று தமிழ் விக்கிப்பீடியர்கள் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. தரம் போதாது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். 2010-ல் போலந்தில் நடந்த விக்கிமேனியா என்ற விக்கிப்பீடியர்களின் உலக மாநாடு வரைக்கும் கொண்டுபோய்ப் பேசினார்கள். அப்போது ஏறிய கட்டுரைகள் சில இன்னும் கண்ணில் படும். ஒரு வாக்கியம் ஐந்து வரிக்கு ஓடி, எழுவாய் எங்கே என்று தேட வைத்தால் அந்தக் கட்டுரையை மூடிவிட்டு வேறு இடம் பார்க்கலாம்.

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டுரையைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு கிராம ஊராட்சியின் பெயரைத் தேடுங்கள், பெரும்பாலும் கட்டுரை இருக்கும். எந்த மாவட்டம், எந்த ஒன்றியம், எந்தச் சட்டமன்றத் தொகுதி, எத்தனை வார்டு, 2011 கணக்கெடுப்பின்படி ஆண் எத்தனை பெண் எத்தனை என்று தொடங்கும். கீழே ஓர் அட்டவணை: குடிநீர் இணைப்புகள், கைக்குழாய்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள், ஊராட்சிச் சாலைகள். அதற்கும் கீழே அந்த ஊராட்சியில் அடங்கிய சிற்றூர்களின் பட்டியல். இவை அரசுத் தரவை வாங்கித் தானியங்கி நிரல் மூலம் ஏற்றிய கட்டுரைகள், ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எந்த வல்லுநர் குழுவும் உங்கள் ஊருக்குத் தனிக் கட்டுரை எழுதப் போவதில்லை. அந்த வகையில் இது பெரும் கொடை. ஆனால் ஊர்ப்பெயருக்குக் காரணம் என்ன, குளத்தை வெட்டியது யார், கோயில் கல்வெட்டு என்ன சொல்கிறது என்று பார்த்தால் ஒன்றும் இருக்காது. அல்லது, அதைவிடச் சிக்கலாக, யாரோ ஓர் ஊர்க்காரர் தன் தெருவையும் தன் சமூகத்தையும் உயர்த்தி நான்கு பத்தி எழுதி வைத்திருப்பார், ஒரு சான்றும் இருக்காது. அட்டவணையை எடுத்துக்கொள்ளலாம். அந்த நான்கு பத்தியை எடுக்கக் கூடாது.

பிரித்துப் பார்க்கக் கட்டுரைக்கு மேலேயே வழி இருக்கிறது. "வரலாறு" என்ற தாவலைத் தட்டினால் முதல் எழுத்து விழுந்த நாளிலிருந்து நேற்று வரை யார், எப்போது, எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்று வரிசையாக இருக்கும். ஐந்தாறு பேர் பல ஆண்டுகளாகத் தொட்டுவரும் கட்டுரையா, ஒருவர் ஒரே மாலையில் கொட்டிவிட்டுப் போனதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். "உரையாடல்" தாவலில் சச்சரவுகள் இருக்கும். அடிக்குறிப்புகளில் எத்தனை உயிருள்ள இணைப்புகள், எத்தனை வெறும் வலைப்பூக்கள் என்று பாருங்கள். "மேற்கோள் தேவை" என்று ஒட்டியிருந்தால் அந்த வரியைத் தாண்டிவிடுங்கள். இந்தப் பழக்கத்தை எட்டாம் வகுப்பிலேயே கற்றுக்கொடுத்துவிடலாம். அச்சு நூலில் இப்படிப் பின்னால் போய்ப் பார்க்கும் வசதி கிடையாது. திறந்த களஞ்சியத்தின் மிகப் பெரிய பலம் இதுதான் என்பேன். இன்றைக்குப் பிள்ளைகள் கேட்டவுடன் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளில், எழுதியவர் கையொப்பமும் இல்லை, இந்த வரலாற்றுத் தாவலும் இல்லை. ஆகவே நான் அவற்றை இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை.

1968-ல் நின்ற கடிகாரம்

தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். தி. சு. அவினாசிலிங்கம் முன்னின்று தொடங்கி, பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து நடத்திய பணி. முதல் தொகுதி 1954-ல் வந்தது, பத்தாவது தொகுதி 1968-ல். தமிழில் அறிவியலை எழுத முடியுமா என்று படித்தவர்களே ஐயப்பட்ட காலம். இயற்பியல், விலங்கியல், சட்டம், இசை எல்லாவற்றுக்கும் ஆள் தேடி, கலைச்சொல் அமைத்து, எழுதி வாங்கித் திருத்தி அச்சேற்றினார்கள். அதோடு நிற்காமல் குழந்தைகளுக்கென்றும் பத்துத் தொகுதி கொண்டுவந்தார்கள்.

அதன் தமிழை இன்று எடுத்துப் படித்தாலும் மனம் நிறையும். ஒரு பறவையைப் பற்றியோ ஓர் இராகத்தைப் பற்றியோ உள்ள கட்டுரை, தெரிந்தவர் எதிரில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்வது போல இருக்கும். தொடக்கம் இருக்கும், முடிவு இருக்கும், தேவையற்ற வரி இருக்காது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இப்போது இலவசமாகக் கிடைக்கிறது.

ஆனால் அது முடிந்த மறு ஆண்டு, 1969 ஜனவரி 14 அன்று, சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. அதே ஆண்டு மனிதன் நிலவில் கால் வைத்தான். 1971-ல் வங்கதேசம் பிறந்தது, 1972-ல் சிலோன் ஸ்ரீலங்கா ஆனது. அன்று 14 ஆக இருந்த மாவட்டங்கள் இன்று 38. கீழடியில் அகழாய்வு தொடங்கியதே 2015-ல்தான். அங்கே கிடைத்த பொருள்கள் பொது ஆண்டுக்கு முன் 6-ஆம் நூற்றாண்டு வரை போகின்றன என்ற தமிழக அரசின் அறிக்கை 2019-ல் வந்தது. சங்ககாலத்தைப் பற்றி அந்தக் களஞ்சியத்தில் எழுதிய பெரியவர்களுக்கு இது எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சங்க இலக்கியத்தைப் படித்து அவர்கள் சொன்னது இன்றும் நிற்கும். காலக்கணக்கை மட்டும் வேறு இடத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழடியே திறந்த களஞ்சியத்துக்கும் ஒரு சோதனைதான். புதிய செய்தி வந்தவுடன் ஏற்றிவிடலாம் என்பது வசதி. ஆனால் மைய அரசின் தொல்லியல் துறைக்கும் மாநிலத்துக்கும் இடையே ஆய்வறிக்கை குறித்துக் கருத்து மோதல் ஓடிக்கொண்டிருக்கும்போது, பெருமிதத்தோடும் எரிச்சலோடும் எழுத வருபவர்கள்தான் முதலில் வந்து சேருவார்கள். இப்படிப்பட்ட தலைப்புக்கு விக்கிப்பீடியா கட்டுரையின் கீழே உள்ள சான்றுப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு, அகழாய்வு அறிக்கைக்கே போய்விடுவது நல்லது.

கலைக்களஞ்சியத்துக்குப் பின் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியமும் வாழ்வியல் களஞ்சியமும் கொண்டுவந்தது. மேல்நிலை மாணவருக்கு இரண்டும் உதவும். பழம்பெயர்கள், புராணப் பாத்திரங்கள், நூற்பெயர்கள் வேண்டுமென்றால் ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்து 1910-ல் வெளிவந்த அபிதான சிந்தாமணியை மிஞ்சிய ஒன்றை நான் கண்டதில்லை. தனி மனிதர் ஒருவர் செய்தது அது.

நடுவே ஒரு வழி

திறந்ததும் வேண்டும், பொறுப்பேற்க ஆளும் வேண்டும் என்பவர்களுக்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சால்டா 1995-ல் தொடங்கிய மெய்யியல் களஞ்சியத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பெயர் தாங்கிய அறிஞர் உண்டு. எழுதிவிட்டுப் போய்விட முடியாது, காலத்துக்கேற்பப் புதுப்பிக்க வேண்டும். பழைய பதிப்புகள் காலாண்டுக்கொரு முறை அப்படியே சேமிக்கப்படுகின்றன. படிக்கக் காசு கிடையாது. ஆனால் ஒரே ஒரு துறை.

எல்லாத் துறைக்கும் இதைச் செய்து காட்டியது நார்வே. அச்சில் வந்துகொண்டிருந்த அவர்களின் பெருங்களஞ்சியத்தைப் பதிப்பகங்கள் 2010-ல் கைவிட்டபோது அறக்கட்டளைகள் ஏந்திக்கொண்டன, பிறகு பல்கலைக்கழகங்களும் சேர்ந்தன. துறைவாரியாகப் பொறுப்பாளர், அவர் பெயர் கட்டுரையிலேயே இருக்கும், அவருக்குச் சிறு ஊதியம். வாசகர் திருத்தம் சொல்லலாம், பொறுப்பாளர் பார்த்து ஏற்பார். எல்லோருக்கும் இலவசம். தமிழ் பேசுவோரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மக்கள் தங்கள் மொழிக்கு இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். இங்கே எத்தனை பல்கலைக்கழகங்களில் தமிழ்த்துறை இருக்கிறது! ஒரு துறை ஐம்பது கட்டுரைக்குப் பொறுப்பேற்றால் போதுமே என்று நினைக்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது.

தமிழில் இந்தத் திசையில் நடந்திருப்பது, 2022-ல் ஜெயமோகன் முன்னெடுப்பில் தொடங்கிய தமிழ் விக்கி. பெயர் ஒத்திருந்தாலும் தமிழ் விக்கிப்பீடியா வேறு, இது வேறு. இங்கே வெளியார் நேரடியாகத் திருத்த முடியாது. ஆசிரியர் குழு சரிபார்த்துக் கட்டுரையை முடிவுசெய்கிறது. இலக்கியம், பண்பாடு, ஆளுமைகள் என்று எல்லை வகுத்துக்கொண்டிருக்கிறது. ஓர் எழுத்தாளரின் வாழ்க்கை, நூல்பட்டியல், இலக்கிய இடம் ஆகியவை வேண்டுமென்றால் முதலில் அங்கே பார்க்கச் சொல்கிறேன். இலக்கிய இடம் என்ற பகுதி மதிப்பீடு. அதை ஒரு தரப்பின் பார்வையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அறிவியலுக்கோ புவியியலுக்கோ அது உதவாது.

சரி, எதைத் தேர்வது?

ஆங்கிலம் தடையில்லாமல் படிக்கிற பிள்ளைக்கு அறிவியல், கணிதம் என்றால் ஆங்கில விக்கிப்பீடியா போதும். வரலாறும் ஆளுமைகளும் என்றால் பிரிட்டானிக்கா இணையப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்கட்டும். சந்தா இல்லாமலே பல கட்டுரைகளைப் படிக்க முடிகிறது. தமிழில் படிக்கிற கீழ்வகுப்புப் பிள்ளைக்குக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையே முதலில் கொடுப்பேன். செய்தி பழையதாக இருந்தாலும், ஒரு பொருளை எப்படி விளக்குவது என்று அந்தத் தமிழ் கற்றுக்கொடுக்கும். பிறகு அதே தலைப்பைத் தமிழ் விக்கிப்பீடியாவில் பார்த்து, இடைப்பட்ட காலத்தில் என்ன மாறியிருக்கிறது என்று எழுதச் சொல்லலாம். காப்பியடிக்க வழியில்லாத பயிற்சி இது.

போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இரண்டுமே இரண்டாம்பட்சம், பள்ளிப் பாடநூல்தான் முதல். உடல்நலம், மருந்து அளவு, சட்டச் சிக்கல் என்று வந்தால் எந்தக் களஞ்சியத்தையும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. தமிழ் விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகளில் பாதியில் நிற்கும் குறுங்கட்டுரைகள் நிறைய. பத்திரிகைக்கோ நூலுக்கோ எழுதுகிறவர்கள் விக்கிப்பீடியாவைச் சான்றாகக் காட்டாமல், அதன் அடிக்குறிப்பில் உள்ள மூலத்தைப் படித்து அதைக் காட்ட வேண்டும். விக்கிப்பீடியாவின் விதியே அதைத்தான் சொல்கிறது.

பள்ளிக்கு என்றால் பணமும் இணையமும் குறுக்கே வரும். இங்கே திறந்த களஞ்சியம் கேள்விக்கிடமில்லாமல் வெல்கிறது. உரிமம் கட்டற்றது என்பதால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் வழியாக ஒரு பென்டிரைவில் எடுத்துவந்து, இணையமே இல்லாத கணினி அறையில் திறந்து படிக்கலாம். ஆனால் அதில் வரலாற்றுத் தாவல் இருக்காது. ஐயம் எழும் கட்டுரையை இணையத்தில் ஒரு முறை சரிபார்த்துவிட வேண்டும். கலைக்களஞ்சியத் தொகுதிகளையும் மின்னூலாக இறக்கி அதே கணினியில் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு படி மேலே போகலாம். தங்கள் ஊராட்சியின் கட்டுரையில், அந்த அட்டவணைக்குக் கீழே, ஒரே ஒரு உண்மையைச் சேர்க்கச் சொல்லுங்கள். பள்ளி தொடங்கிய ஆண்டு, ஏரியின் பரப்பு, வாரச்சந்தை கூடும் நாள், எதுவாகவும் இருக்கலாம். அச்சில் வந்த நூலோ நாளிதழோ அரசு ஆவணமோ சான்றாக வேண்டும். முதலில் மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகட்டும். உண்மைப் பெயரிலும் கைபேசி எண்ணிலும் கணக்குத் தொடங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க விக்கிப்பீடியா விடாது. ஆகவே வகுப்பு முழுவதையும் ஒரே நாளில் கணினி அறையில் உட்கார வைக்காமல், முன்கூட்டியே வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கி வரச் சொல்லுங்கள், அல்லது ஆலமரத்தடியில் ஒரு வாரம் முன்னதாகக் கேட்டுவிடுங்கள், அங்கே உதவுவார்கள்.